மச்சான் அவுஸ்திரேலியன் ஆன கசெற்

மெல்பேர்னில் இருந்து என் மனைவியின் தமையன் அனுப்பிய வீடியோக் கசெற்றைக் கலியாணக் கசெற் என்று நினைத்துத்தான் டென்மார்க்கில் ஒன்றாக இருந்த நாங்கள் மூன்று பேரும் போட்டுப் பார்த்தோம். அப்படி நினைத்ததில் எங்கள் பிழை எதுவும் இல்லை. தொடங்கியதுமே வானத்தில் இருந்து ரோசாப்பூக்கள் கொட்டின. நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. பிறகு ஒரு பெரிய சிவப்பு இதயம் வந்தது. அதற்குள் மச்சானின் தலை சுற்றிச் சுற்றி வந்து நடுவில் நின்றது. மச்சானுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். எங்களில் மூத்தவரான மன்னார் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்கட மச்சான் திரும்பவும் கட்டுறாரோ?" என்று கவலையோடு கேட்டார்.

பெண் யாரும் இல்லை. அது மச்சான் அவுஸ்திரேலியக் குடிமகனான வைபவம். ஏதோ ஒரு நகரசபை மண்டபத்தில் பல நாட்டு ஆட்கள் சாதாரண உடுப்போடு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மச்சான் மட்டும் கோட், வெயிஸ்ற்கோட், ரை, நெஞ்சில் ஒரு பூ. அவருடைய மனைவி கூறைச்சேலை. வீடியோக்காரரும் எங்கள் ஆள்தான். கலியாணமும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடும் எடுத்துப் பழகிய மனிதருக்கு வேறு என்ன வித்தை தெரியும்? மேயர் கழுத்தில் பெரிய சங்கிலியோடு மேடைக்கு வந்தபோது கமரா அவருடைய முகத்துக்குப் போகவில்லை, சங்கிலியிலேயே நின்றது. மன்னார் அண்ணை எத்தனை பவுன் இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்.

மச்சான் வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாம் வல்ல இறைவன்மேல் ஆணையாக அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தார். அரசி இருந்தது இலண்டனில். கடவுள் வேண்டாம் என்கிறவர்கள் அவரை விட்டுவிட்டு வெறும் உறுதிமொழி மட்டும் சொல்லலாமாம், ஆனால் அரசியை விட முடியாதாம். கடவுள் விருப்பப் பாடமாகவும் அரசி கட்டாயப் பாடமாகவும் இருக்கிற நாடு என்று நான் அன்றே முடிவு செய்துகொண்டேன். எங்களோடு இருந்த மூன்றாவது ஆள், டென்மார்க்குக்கு வந்து பெந்தேகோஸ்துவாக மாறிய ஒரு தம்பி. சத்தியம் பண்ணுவதே பாவம் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பிறகு கண்ணைத் திறந்து, அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னான்.

முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். அந்த மண்ணுக்குரிய மரமாம். மச்சான் கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கமராவை நேரே பார்த்துச் சிரித்து, மற்றக் கையைத் தூக்கிக் காட்டினார். வீடியோக்காரர் அந்தக் கையசைப்பை மெதுவாக ஓடவிட்டுத் திருப்பித் திருப்பிச் சேர்த்திருந்தார். பின்னால் ஒரு சோகப் பாட்டு. மன்னார் அண்ணை தன்னை அறியாமல் திருப்பிக் கை காட்டினார். அதற்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் விருந்து. பாதிரியார் குடியுரிமைப் பத்திரத்துக்குத் தீர்த்தம் தெளித்தார். கேக் அவுஸ்திரேலியா வடிவத்தில் இருந்தது. மச்சானும் மனைவியும் ஒரே கத்தியைப் பிடித்து மேற்குப் பக்கத்தை வெட்டினார்கள். தெற்கில் தனியாகக் கிடந்த சின்னத் தீவை ஒரு பிள்ளை முதலே தின்றுவிட்டது.

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். நாங்கள் இருந்த ஹேர்னிங்கில் அந்த நாட்களில் சிரிப்பதற்குக் கிடைத்த எதையும் நாங்கள் வீணாக்கவில்லை.

ஏனென்றால் என் மனைவியும் மகளும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது மகள் தாய் வயிற்றில். அவளை நான் கண்டதே இல்லை. எனக்கு அகதி உரிமை கிடைத்துவிட்டது. சட்டப்படி மனைவி பிள்ளையைக் கூப்பிடும் உரிமையும் கிடைத்துவிட்டது. ஆனால் நீதி அமைச்சில் எங்கள் தமிழரின் கடதாசிகளை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை. மறுத்தால் ஏன் என்று கேட்கலாம். கிடக்கிற கடதாசியிடம் என்ன கேட்பது? போனில் விசாரித்தால் ஒரு பெண்மணி மிக மரியாதையாக, உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றார். அவ்வளவு மரியாதையான குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான் ஞாயிறுகளில் போன் எடுப்பார். குடிமகனான பிறகு அவருடைய குரலே மாறிவிட்டது. முன்பெல்லாம் உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்பவர், இப்போது விழுமியங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவுஸ்திரேலியர் என்றால் எல்லாரும் சமமாம். எல்லாருக்கும் ஒரு 'ஃபெயர் கோ' கொடுப்பார்களாம், அதாவது நியாயமான ஒரு சந்தர்ப்பம். முதலாளியைக்கூட 'மேற்', அதாவது கூட்டாளி, என்று கூப்பிடலாமாம். மதம் அவரவர் சொந்த விஷயமாம். இதை எல்லாம் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தமிழர், ஆனால் எங்கட ஆக்கள் இல்லை, ஆகவே போக்குவரத்து வைப்பதில்லை என்றும் சொன்னார். அவருடைய ஃபெயர் கோ வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டது போலிருக்கிறது.

"உங்கட நாட்டிலை என்ன மச்சான் விழுமியம்?" என்று ஒருநாள் கேட்டார்.

டென்மார்க் எப்போது என்னுடைய நாடானது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மானம் விடவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் வேலை செய்தது பின்னல் துணி வெட்டும் தொழிற்சாலை. அங்கே எங்களுக்கு மேலே இருந்த போர்மன் நல்ல மனிதர். பெரிய வயிறு, சின்னக் குரல். கோப்பி நேரத்தில் அவரிடம், டெனிஷ்காரனாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டேன். அவர் அப்படி ஒரு கேள்வியை வாழ்க்கையிலேயே கேள்விப்படாதவர் போலக் கோப்பையைக் கீழே வைத்தார். வெகு நேரம் யோசித்து, பிறந்தநாள் அன்று நீயே பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். வேறு? கேக்கில் கொடி குத்த வேண்டும். வேறு? நேரத்துக்கு வர வேண்டும். கடவுள்? அவர் சிரித்தார். அவரும் தேவாலயத்துக்கு வரி கட்டுகிறாராம். மார்கழியில் நத்தாருக்குப் போவாராம், பிறகு தன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் போவாராம்.

நீங்கள் எல்லாரும் இந்துக்கள்தானே என்று அவர் கேட்டார். கத்தோலிக்கர் என்றேன். எப்போது மதம் மாறினீர்கள், இங்கே வந்தா என்றார். மன்னாரில் எங்கள் ஆட்கள் ஞானஸ்நானம் வாங்கிய காலமும் இவருடைய முன்னோர் பாப்பரசரைக் கைவிட்ட காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாங்கள் கோவிலுக்குள் நுழைய, இவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். வாசலில் முட்டுப்பட்டிருப்போம். இதை டெனிஷில் சொல்ல எனக்குப் பாஷை போதாமல், ஓம், கொஞ்ச நாள் ஆயிற்று என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு மச்சானிடம் என் விசாரணை முடிவை அறிவித்தேன். பாண், கொடி, நேரம். அவர் போனுக்குள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "மனிசி பிள்ளையைக் கூப்பிட விடாத நாட்டுக்கு என்ன கொடியும் பாணும்?" என்றார். மச்சான் அதுவரை சொன்னவற்றில் உண்மையானது அது ஒன்றுதான், ஆகவே அது மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

இதற்குள் நான் கவனிக்காத ஒரு காரியம் கொழும்பில் நடந்துகொண்டிருந்தது.

மச்சான் கசெற்றில் ஒரு பிரதியைத் தங்கைக்கும் அனுப்பியிருந்தார். கொட்டாஞ்சேனை வீட்டுக்காரரிடம் ரீவியும் கசெற் போடுகிற டெக்கும் இருந்தன. கசெற் அது ஒன்றுதான் இருந்தது. பின்னேரங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு என் மகளும் இருந்து அதைப் பார்ப்பாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் வெளிநாட்டில் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் கண்ட ஒரே வெளிநாடு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குள் ஒரு மனிதர் பூவுக்கும் இதயத்துக்கும் நடுவில் வந்து, அவளைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார். வேறு யார் அப்பாவாக இருக்க முடியும்?

என்னுடைய படம் அவளிடம் இல்லாமல் இல்லை. அதுவும் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய மடைத்தனம். வெளிநாட்டுக்கு வந்தவன் முதலில் அனுப்ப வேண்டியது சினோவுக்குள், அதாவது பனிக்குள், நிற்கிற படம். சினோ இல்லாவிட்டால் வெளிநாடு என்று யார் நம்புவது? முதல் மாரிக் குளிரில் மன்னார் அண்ணையின் தடித்த ஜக்கெற்றை வாங்கிப் போட்டு, தொப்பியை இழுத்து மூடி, சால்வையை மூக்குவரை சுற்றி, முழங்கால் அளவு சினோவுக்குள் நின்று படம் பிடித்து அனுப்பினேன். அதே ஜக்கெற்றோடு பெந்தேகோஸ்துத் தம்பியும் பிடித்தான், அண்ணையும் பிடித்தார். மூன்று குடும்பங்களுக்கு மூன்று படம் போனது. படங்களை மாற்றி அனுப்பியிருந்தாலும் ஒருவருக்கும் தெரிய வந்திருக்காது. என் மகளுக்குக் கிடைத்த தகப்பன் ஒரு ஜக்கெற்.

மனைவி இதைப் போனில் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். பிள்ளை ரீவியைக் கொஞ்சுதாம். அது மாமா என்று சொன்னால் அழுகுதாம். நானும் சிரித்தேன். கொழும்புக்கு எடுக்கிற போனில் ஒவ்வொரு நிமிஷமும் காசு, என்றாலும் அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மச்சானுக்கு இது பெரிய புழுகம், கால் நிலத்தில் நிற்கவில்லை. பிள்ளைக்கே விளங்கிவிட்டது என்றார். தங்கைக்கும் மருமகளுக்கும் தானே ஸ்பொன்சர் செய்வதாகவும், அவர்கள் மெல்பேர்னுக்கு வரட்டும், நான் பிறகு வந்து சேரலாம் என்றும் சொன்னார். நான் இல்லாமல் என் குடும்பத்தை அவுஸ்திரேலியக் குடும்பமாக்கிவிடலாம் என்பது அவருக்குச் சர்வசாதாரணமாக இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் பயம் பிடித்தது. சட்டம் அவர் பக்கம், வசதி அவர் பக்கம், என் சொந்தப் பிள்ளையே அவர் பக்கம். மறித்துக் கதைக்க எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை. நீயே முடிவெடு என்று மனைவிக்கு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அவள் எனக்கு எழுதவில்லை. தமையனுக்குப் போன் எடுத்திருக்கிறாள். டென்மார்க்கில் சட்டமே ஒழுங்காக இல்லை, அதை நம்பியா இருக்கப்போகிறாய் என்று அவர் கேட்டாராம். "சட்டம் இல்லாட்டிலும் என்ர மனிசன் அங்கைதானே அண்ணா இருக்கிறார்" என்றாளாம். மச்சானே இதை எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் அவுஸ்திரேலியா கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒருநாள், ஏன் என்று யாரும் சொல்லாமலே, அமைச்சில் கடதாசிகள் நகரத் தொடங்கின. தள்ளி வைத்ததற்கும் காரணம் சொல்லவில்லை, எடுத்ததற்கும் காரணம் சொல்லவில்லை. பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் போவதற்கு நான் ரண்டர்ஸ் நகரத்தில் ஒருவரிடம் கோட்டும் ரையும் இரவல் வாங்கினேன். ஏன் என்று கேட்க வேண்டாம். மச்சானுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்ற வீம்புதான். மன்னார் அண்ணை ஒரு பூ வாங்கி என் நெஞ்சில் குத்திவிட்டார்.

மனைவி வெளியே வந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நான் படத்தில் மட்டும் பார்த்த மகள். நான் குனிந்து கையை நீட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள், ரையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டுத் தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, இது எந்த மாமா?" என்று கேட்டாள்.

சில கிழமைகளில் அப்பா என்று கூப்பிடத் தொடங்கினாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நான் நம்பினேன். எங்களிடம் இருந்த கசெற் இரவல் போய்விட்டது. ரண்டர்ஸுக்குப் போய், ஹோர்சன்ஸுக்குப் போய், எங்கள் ஆட்களிடம் இரவல் போன எந்தக் கசெற்றையும் போலத் திரும்பி வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனாள். நான் தமிழில் கேட்டதற்கு டெனிஷில் பதில் சொல்லப் பழகினாள். பிறந்தநாளுக்குக் கேக்கில் கொடி குத்தினாள். மச்சானின் குரலைப் போனில் மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் டென்மார்க் விழித்துக்கொண்டது. எங்களுடைய கடதாசிகளை வேண்டுமென்றே முடக்கியது சட்டத்துக்கு மாறானது என்று ஒரு நீதிபதி விசாரித்து, ஆயிரக்கணக்கான பக்கத்தில் அறிக்கை எழுத, ஒரு தை மாதத்தில் அரசாங்கமே பதவி விலகியது. இதற்கு அவர்கள் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தார்கள். முடக்கியது அமைச்சு, பெயர் எங்களுக்கு. தொழிற்சாலையில் சிலர் என்னைப் பார்த்த பார்வையில், நானே பிரதமரைக் கையைப் பிடித்து வெளியே விட்டவன் மாதிரி இருந்தது. போர்மன் மட்டும் என் தோளில் தட்டி, பார்த்தாயா, இதுதான் டென்மார்க், உங்களுக்காக ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பினோம் என்றார். பாணுக்கும் கொடிக்கும் மேலாக ஒன்று கிடைத்த பெருமை அவருக்கு. அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்துக்கு வீடு போய்ச் சேர ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

அந்தக் கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்து ஒரு நிருபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் எனக்குத் தெரிந்த டெனிஷில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். விளங்காதபோது இன்னும் பலமாக ஆட்டினார். கடைசியில் மகளின் பக்கம் திரும்பி, நீ கொழும்பில் காத்திருந்த காலத்தில் உன் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டார். அவள் எங்கள் யூலாந்துப் பக்கத்து நல்ல டெனிஷில், ஒரு பிசகும் இல்லாமல், அப்பா அவுஸ்திரேலியாவில் இருந்தார் என்றாள்.

சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். நிருபர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், அதோடு சரி என்று நினைத்தோம். பத்திரிகை வந்தபோது பார்த்தால், அமைச்சின் செயலால் பிரிந்திருந்த இந்தக் குடும்பத்தில், தகப்பன் அவுஸ்திரேலியாவில் தங்கியிருந்து பின்பு டென்மார்க் வந்தவர் என்று போட்டிருந்தது. என் டெனிஷை விட அவளுடைய டெனிஷ் அவருக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. ஒரு நாடே எங்களிடம் தலை குனிந்து நின்ற கிழமையில், அந்த நாட்டின் பத்திரிகை என்னை அங்கே இருந்திருக்கவே விடவில்லை. நீ அவுஸ்திரேலியாவில் இருந்ததைச் சொல்லவே இல்லையே, அங்கே வெயில் எப்படி என்று போர்மன் ஆசையோடு கேட்டார். மச்சானுக்கு மனைவி போனில் வாசித்துக் காட்டினாள். பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நான் எப்போதோ சொன்னேனே என்றார் அவர்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தினேன். கோபம் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. நான் எப்போது அவுஸ்திரேலியாவில் இருந்தேன் என்று கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"கசெற்றிலை இருந்தனீங்கள் தானே. பிறகுதான் இஞ்சை வந்தனீங்கள். வந்து மெலிஞ்சு போனீங்கள்."

"அது மாமாவெல்லோ?"

"அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ." அவளுக்கு என்மேல் இரக்கம் வந்தது போல இருந்தது. தாய்க்கு விளங்காதது எனக்காவது விளங்கும் என்று குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் கையிலை மரத்தை வைச்சுக்கொண்டு எனக்குக் கை காட்டினீங்கள். நானும் ஒவ்வொருநாளும் காட்டினனான். நீங்கள் கண்டனீங்களோ?"

சினோப் படத்தில் அந்த ஜக்கெற்றுக்குள் நின்ற எனக்கு, கையைத் தூக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குளிருக்கு இரண்டு கையையும் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். மச்சானுக்கு அவுஸ்திரேலியன் ஆக வேதாகமமும் அரசியும் மேயரும் தேவைப்பட்டார்கள். எனக்கு ஒருவரும் தேவைப்படவில்லை.

"ஓம் பிள்ளை, கண்டனான்," என்றேன். "உனக்குத்தான் காட்டினனான்."